எப்படிக் கூப்பிட்டால்

கடலூர் ஓ.டி., ஐஸ் கம்பெனி, இரவு ஷிப்ட்.
பில் போடும் கணினியில், பில் இல்லாத நேரத்தில்
ஒரு விளையாட்டு எழுதுகிறேன்.
படம் கிடையாது, சத்தம் கிடையாது. எழுத்து மட்டும்.
உப்பனாற்றின் இக்கரையில் நிற்கிறாய்.
இருட்டு. படகு வருகிறது.
இதுவரைக்கும் சிக்கல் இல்லை.
தமிழில் 'நீ' ஆணுமில்லை, பெண்ணுமில்லை.
என் நல்ல காலத்துக்கு யாரோ அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

படகோட்டி வாய் திறந்ததும் தொடங்குகிறது.
அவர் பின்னால் திரும்பி யாரிடமோ சொல்ல வேண்டும்:
"வந்துட்டான்."
"வந்துட்டா."
"வந்துட்டாங்க" என்றால் ஓராளா, ஊரேவா?
ஒரு வினைச்சொல்லின் வாலில்
இத்தனை பேர் தொங்குகிறார்கள்.

பெயரையாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று
ஒரு கட்டம் விட்டேன்.
கதிர் என்றால் கதிரை. நிலா என்றால் நிலாவை.
என் நிரலுக்கு இந்தப் பசை தெரியவில்லை.
"வேலுஐ ஆறு பார்த்தது" என்று எழுதிவைத்தது,
உடைந்த ஓட்டை எச்சிலால் ஒட்டியதுபோல்.
பெயர் வந்தால் அப்பா பெயர் வரும்.
அப்பா பெயர் வந்தால்
எந்தத் தெரு என்று படகோட்டி கேட்பார்.
நான் எழுதாமலேயே கேட்பார்.

ஒருநாள் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் கம்பியில் சாய்ந்தபடி
முக்காடு போட்டவரிடம்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற ஒருத்தரிடம்,
என்னிடம்,
ஒரே குரலில்:
"எங்க எறங்கணும்? சீட்டு வாங்கியாச்சா?"

வாங்கியாச்சா.
யார் வாங்கியது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
மாமியாரை எப்படி அழைப்பதென்று தெரியாத முதல் மாதம்
நானும் இந்த ஆச்சுவில்தான் குடியிருந்தேன்.
சாப்பிட்டாச்சா. மாத்திரை போட்டாச்சா. லைட் அணைச்சாச்சு.

நாலு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன்.
படகோட்டி: "வந்தாச்சா? ஏறலாம்."
அக்கரையில் லாந்தரோடு காத்திருக்கும் செம்பருத்தி:
"இவ்வளவு நேரமா? நனைஞ்சாச்சா?"
ஒரு வால்கூட வெளியே தெரியவில்லை.
எனக்கே கொஞ்சம் திமிர் வந்தது.

தேசிங்கு அண்ணனிடம் ஆடக் கொடுத்தேன்.
லோடு ஏற்றுபவர், ஐம்பத்திரண்டு வயது.
சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு
ஒற்றை விரலால் தட்டித் தட்டி அக்கரை வரை போனார்.
முடிந்ததும் சொன்னார்:
"எல்லாரும் மரியாதையாத்தான் பேசறாங்க.
ஆனா தாலுக்கா ஆபீஸ்ல நிக்கற மாதிரி இருக்கு தங்கச்சி.
இத்தன வருசமா தேடினேன்னு சொல்லுது அந்தப் பொண்ணு.
ஒரு 'டா' கூடவா வராது?"

எனக்குப் பதில் வரவில்லை.
விசைப்படகுக்கு ஐஸ் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.
யாரும் நுழையட்டும் என்று
கதவைக் கழற்றினேன், சுவரைக் கழற்றினேன்.
நுழைந்தவர் எதில் சாய்ந்து உட்கார்வார்?

விடிவதற்குள் ஒரு வரி சேர்த்தேன்.
நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகோட்டி கேட்கிறார்:
"எப்படிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்ப?"
ஊர் வேண்டாம், அப்பா வேண்டாம்.
இருபது எழுத்துக்கு இடம்.

மறுநாள் தேசிங்கு அண்ணன் அந்த வரியில் வெகுநேரம் நின்றார்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.
தட்டினார். அழித்தார்.
எடைமேடையைப் பார்த்தார்; மறுபடி தட்டினார்.
என் பக்கம் திரும்பாமலே ஓர் என்டர்.

"குட்டி" என்றாள் செம்பருத்தி, லாந்தரை உயர்த்தி.
அடுத்த வரியில் என் பசை மறுபடி விட்டுப்போய்,
கரை, குட்டிஐப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பு இருக்குண்ணே, திருத்திடறேன்" என்றேன்.
"கெடக்கட்டும்" என்றார், ஐஸ் கொக்கியை எடுத்துக்கொண்டு.
"அதான் திரும்பியாச்சே."